சீதாராமன் சொன்ன பேஷ்

கல்கத்தாவுக்குப் பக்கத்தில், சாந்த்ராகாச்சித் தமிழ்க் குடும்பங்களில் யார் பழைய கார் வாங்கப் போனாலும், முன்பணம் கொடுப்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சீதாராமன் சார் பாத்தாச்சா?" ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், சால்ட் லேக் ஆபீஸ்களுக்குப் போய்வரும் அவர்கள் பிள்ளைகள் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. சீதாராமன் வருவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பார்ப்பார். எல்லாம் திருப்தியாக இருந்தால் பானெட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "பேஷ்" என்பார். எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை எல்லாம் அதற்குப் பிறகுதான். திருப்தி இல்லையென்றால் வாயே திறக்கமாட்டார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வேற பார்க்கலாம்" என்று நடையைக் கட்டிவிடுவார். இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பேஷை நம்பி ஏமாந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

இதற்கு அவர் ஒரு பைசா வாங்குவதில்லை. அவருடைய பிழைப்பு வேறு. அவர் மோட்டார் சர்வேயர். விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டிய வண்டிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, பழுது பார்த்தால் கட்டுப்படியாகுமா என்று அறிக்கை எழுதுகிறவர். அப்பா சுந்தரராஜன் கும்பகோணத்தை விட்டு ரயில்வே வேலைக்கு இங்கே வந்தவர். பிள்ளையும் ரயில்வேயில் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டார். பிள்ளையோ டிப்ளமா படித்து, ஹவுராவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பிறகு பரீட்சை எழுதி சர்வேயர் லைசென்ஸ் வாங்கினார். இப்போது வயது ஐம்பத்தெட்டு. மனைவி அன்னம், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை ஃபிளாட், மூட்டு வலி. பெரிய சொத்தென்றால் அவருடைய நல்ல பேர்தான்.

அந்தப் பேரை அவர் காப்பாற்றிய விதத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. ஒர்க்‌ஷாப்காரர்கள் கொடுக்கும் டீயைக் கூடத் தொடமாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோவார். "ஒரு டீ குடிச்சா ஒரு பம்பரை மாத்தி எழுதச் சொல்லுவான்" என்பார். டீக்கு இத்தனை மடி பார்த்த மனுஷர், மடி வேறு இடத்தில் கெடும் என்று யோசிக்கவே இல்லை.

அவர் வேலையில் முக்கியமான முடிவு ஒன்றுதான். வண்டி பிழைக்குமா, பிழைக்காதா? வெள்ளத்தில் மாட்டிய வண்டியென்றால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்க்கவேண்டும். கால்மிதி வரை என்றால் காயப்போட்டு ஓட்டலாம். சீட் வரை என்றால் செலவு இழுக்கும். டேஷ்போர்டைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. வயர்கள், கம்ப்யூட்டர் பெட்டி, மோதும்போது ஏர்பேக்கை விரியச் செய்கிற கருவி, எல்லாம் சேற்றுத் தண்ணீரில் முழுகி எழுந்திருக்கும். பழுதுச் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள்.

அப்படி எழுதிய வண்டிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகத்தை ரத்து செய்து வண்டியை உடைக்க அனுப்புவது. அது இரும்பு எடைக்குப் போகும். இன்னொன்று, ஆர்.சி.யோடு அப்படியே பழைய வண்டி வியாபாரிக்குத் தள்ளிவிடுவது. காகிதம் உயிரோடு இருப்பதால் வியாபாரி கூடுதலாகக் கொடுப்பான். கம்பெனிக்கு நஷ்டம் குறையும். எந்த வழி என்று சர்வேயர் தன் அறிக்கையின் கடைசி வரியில் சிபாரிசு செய்வார்.

போன வருஷம் துர்கா பூஜைக்குச் சில நாள் முன்னால் பெய்த மழையில் சால்ட் லேக் பக்கத்து அடித்தள கார் பார்க்கிங்குகள் குளமாகிவிட்டன. சீதாராமன் தலையில் மட்டும் நூற்றுப் பத்து வண்டிகள் விழுந்தன. நாலு ஒர்க்‌ஷாப் முற்றங்களில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்தாலே குப்பென்று அழுகல் நாற்றம். பார்த்த வண்டியையே மறுபடி பார்க்காமல் இருக்க, பானெட்டுக்குள் ஓர் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். அது அவர் வெகுநாள் பழக்கம்.

டேஷ்போர்டுக்கு மேல் முழுகியவை அதில் முப்பத்தொன்று. அத்தனைக்கும் 'ஆர்.சி. ரத்து, உடைக்க அனுப்பவும்' என்று எழுதி அனுப்பினார். மறுநாள் காலையில் போன் வந்தது. பேசியவர் கம்பெனியின் கிளெய்ம்ஸ் மேனேஜர் ஹரிஷங்கர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். சீதாராமனைவிட இருபது வயது சின்னவர்.

"சார், முப்பத்தோரு வண்டியையும் ஸ்கிராப்னு எழுதிட்டீங்க. எடைக்குப் போட்டா என்ன சார் வரும்? ஆர்.சி.யோட குடுத்தா நல்ல ரேட்டுக்கு எடுத்துப்பாங்க. ரூல்ல இடம் இருக்கு. கடைசி வரியை மட்டும் மாத்திக் குடுங்க."

"டேஷ்போர்டுக்கு மேல தண்ணி போயிருக்கு சார். ஏர்பேக் ஒண்ணும் வேலை செய்யாது. ரோட்டுக்கு வரப்படாது அது."

"அது வாங்கறவன் கவலை சார். நாம டோட்டல் லாஸ்னு எழுதிட்டோம்ல? நம்ம வேலை முடிஞ்சுது. ஏப்ரல்ல பேனல் புதுப்பிக்கறாங்க, உங்க பேரைச் சொல்லணும்னு நானே நெனச்சிட்டிருக்கேன்."

பேனல் என்பது கம்பெனி வேலை கொடுக்கிற சர்வேயர்களின் பட்டியல். அதில் பேர் விட்டுப்போனால் ஐம்பத்தெட்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டியதுதான். ஹரிஷங்கர் மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். சீதாராமன் அன்று மத்தியானமே முப்பத்தொரு அறிக்கைகளிலும் கடைசி வரியை மாற்றி அனுப்பினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காசு கைமாறவில்லை, பொய் எழுதவில்லை, ரூலில் இடம் இருந்தது. இந்த மூன்றையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். சாதம் இறங்கியது. அதுதான் எனக்குக் கோபம். அன்றைக்கே ஒரு கவளம் தொண்டையில் அடைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஜனவரியில் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மளிகைக்கடை முருகானந்தம் ஆள் அனுப்பினார். திருநெல்வேலிக்காரர். சாந்த்ராகாச்சி பஜாரில் அவர் கடையில்தான் அப்பளம், காப்பிப்பொடி, இட்லி அரிசி, கறிவேப்பிலை எல்லாம். கடைக்கு மேலேயே வீடு. ஒரே மகள் பிரியங்கா. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பஸ் மாறி மாறிப் போய்வந்து அலுத்துவிட்டாள் என்று ஒரு பழைய கார் பார்த்திருந்தார்கள்.

கடைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வெள்ளைச் சின்னக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. முருகானந்தத்தின் மனைவி விஜயலட்சுமி தாம்பாளத்தில் எலுமிச்சம்பழத்தோடு தயாராக இருந்தார். வங்காளி புரோக்கர் ஒருவன் கொஞ்சம் தள்ளி நின்று பான் மென்றுகொண்டிருந்தான். பிரியங்கா குழந்தைபோல வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு சீதாராமன் 'காக்கு'. வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"காக்கு, சீக்கிரம் பேஷ் சொல்லுங்க! அப்பா நீங்க சொல்லாம சாவியைத் தொடவே விடமாட்டேங்கறார்."

சீதாராமன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. எஞ்சினுக்குப் பின்னால் தகட்டின் ஓரத்தில், துடைத்தவன் கைக்கு எட்டாத மூலையில், மஞ்சள் எழுத்தில் அவருடைய முதலெழுத்துகள். கீழே செப்டம்பர் மாதத் தேதி.

ஒருவேளை கால்மிதி வரை முழுகிய வண்டியாக இருக்குமோ என்று கெஞ்சுகிற மனதோடு உள்ளே ஏறி சீட் பெல்ட்டை இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சலவைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. கடைசி அங்குலங்கள் வெளியே வந்தபோது சுருளோடு காய்ந்த சேறும் வந்தது. தோள்பட்டை உயரத்தில் பெல்ட் நுழைந்து வரும் வளையத்தின் இடுக்கிலும் அதே சேறு. முப்பத்தொன்றில் ஒன்று இது.

"என்ன சார், உள்ள ஏதோ மஞ்சளா எழுதியிருக்கு?" என்று முருகானந்தம் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வழக்கம்போல வாயைத் திறக்காமல், 'வேற பார்க்கலாம்' என்று நடையையாவது கட்டியிருக்கலாம். ஆனால் கட்டினால், ஏன் என்று கேட்பார்கள். தண்ணீரில் முழுகிய வண்டி என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். இந்த எழுத்து யாருடையது, இந்த வண்டியை ரோட்டுக்கு அனுப்பியது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். டீ குடிக்காத சீதாராமனின் லட்சணம் பஜார் முழுக்கத் தெரிந்துபோகும். அந்த வெட்கத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய வெட்கத்தில் போய் விழுந்தார் மனுஷர்.

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. கம்பெனி மார்க்" என்றார். பெல்ட்டைச் சுருள விட்டார். கீழே இறங்கிப் பானெட்டை மூடி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"பேஷ்."

விஜயலட்சுமி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். புரோக்கர் சீதாராமனை ஒரு தினுசாகப் பார்த்தான். சீதாராமன் மூட்டு வலி என்று சொல்லிவிட்டு, கற்பூரம் ஏற்றும் முன்பே கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் அவர் பஜாருக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். காப்பிப்பொடிக்கு அன்னத்தை அனுப்பினார். யாரோ வண்டி பார்க்கக் கூப்பிட்டபோது முடியாது என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வெள்ளைக் கார் எது போனாலும் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும் பக்கத்தை முதலில் படித்தார், அல்லது படிக்காமலே மடித்து வைத்தார். தன்னைப் பார்த்தால் தனக்கே கூசியது. கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கப் பிடிக்காமல் மூன்று நாள் தாடியோடு திரிந்தார். உடம்பு சரியில்லையா என்று அன்னம் கேட்டபோதெல்லாம் வயிறு சரியில்லை என்றார். வயிற்றின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சுலபம்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், சால்ட் லேக்கில் வேலை முடித்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த வெள்ளைக் கார் அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"காக்கு! வீட்டுக்குத்தானே? ஏறுங்க, ஏறுங்க!"

மறுக்க ஒரு காரணம் தேடினார். அகப்படவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்தார்.

அவள் நிறுத்தியிருந்த வண்டியை மறுபடி சாவி திருப்பிக் கிளப்பினாள். டேஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன. ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவே இல்லை. நல்ல வண்டியில் அது சில நொடி எரிந்து அணையவேண்டும். இதில் பழுதைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க யாரோ பல்பையே பிடுங்கியிருக்கிறான்.

அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். ஆபீஸ் கதை, மேனேஜர் கதை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எங்கெல்லாம் அழைத்துப் போகப்போகிறாள் என்கிற கதை. மேம்பாலத்தில் எண்பதைத் தொட்டாள்.

"கொஞ்சம் மெதுவா போம்மா."

"பயமா காக்கு? நீங்க பேஷ் சொன்ன வண்டி இது!"

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கோனா ரோட்டில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. பிரியங்காவும் அழுத்தினாள். டயர் கிறீச்சிட்டது. லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அந்த நொடியில் அவளுடைய இடது கை தானாக நீண்டு அவர் மார்பின் குறுக்கே வந்து அவரைச் சீட்டோடு அழுத்திப் பிடித்திருந்தது. தன்னைப் பிடித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

"அடி படலையே காக்கு?"

"இல்லைம்மா" என்றார். அப்போதும் சொல்லவில்லை. வாசலில் இறங்கும்போது தேங்க்ஸ் வேறு சொன்னார்.

வீட்டுக்குள் போய் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்தவர், அழுதார். தன் நெஞ்சுக்குக் குறுக்கே வந்த அந்தக் கை இன்னும் அங்கேயே இருப்பதுபோல இருந்தது. அன்னம் வந்து பக்கத்தில் நின்றபோது எல்லாவற்றையும் சொன்னார். அன்னம், "அந்தப் பொண்ணு நாளைக்குக் காலம்பற எத்தனை மணிக்கு வண்டி எடுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

காலை எட்டு மணிக்கே கடைக்குப் போய்விட்டார். கையில் பழைய அறிக்கையின் நகல்.

"வாங்க சார்! என்ன, கடைப்பக்கமே காணோம்? காப்பிப்பொடிக்கு மாமியை அனுப்புதீங்க" என்றார் முருகானந்தம். ஒரு வாடிக்கைக்காரருக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தார் சீதாராமன். காத்திருந்தால் சொல்லமாட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்த வண்டி தண்ணில முழுகின வண்டி. டோட்டல் லாஸ்னு எழுதினது நான்தான். உடைச்சுப் போடணும்னு எழுதினேன். அப்புறம் கம்பெனில கேட்டான்னு ஆர்.சி.யோட விக்கலாம்னு மாத்தி எழுதிக் குடுத்தேன். ஏர்பேக் ஒண்ணுகூட விரியாது. அன்னிக்குப் பானெட்டைத் திறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுத்து. தெரிஞ்சேதான் பேஷ்னு சொன்னேன்."

முருகானந்தம் உளுந்தைப் பையில் கொட்டினார். பையைக் கட்டினார். வாடிக்கைக்காரரிடம் கொடுத்து, சில்லறையும் கொடுத்து அனுப்பினார்.

"அந்த மஞ்ச எழுத்து?"

"என்னோடது."

முருகானந்தம் தராசைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"விலை ஏன் இம்புட்டு கம்மின்னு அன்னைக்கே அந்தப் புரோக்கர் பயகிட்ட கேட்டேன் சார். தண்ணி ஏறுன வண்டி அண்ணே, அதான் கம்மி, பின்னால எங்கிட்ட வராதீங்கன்னு பட்டுனு சொல்லிட்டான். நான் நம்பல. போடா, எங்க சார் பாத்துச் சொல்லிட்டாரு, அவரு பொய் சொல்லமாட்டாரு, நீ என்னமோ கதை விடுதேன்னு அவனை ஏசி அனுப்பிட்டேன்."

பான் மென்றுகொண்டு நின்ற அந்தப் புரோக்கர் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவனுடைய உண்மையை அடித்தது சீதாராமனுடைய ஒரு சொல்.

"வண்டியை நான் எடுத்துக்கறேன் அண்ணாச்சி. நீங்க குடுத்ததை நான் குடுத்துடறேன். ஆர்.சி.யை ரத்து பண்ண நானே எழுதிக் குடுக்கறேன், என் பேனல் போனாலும் சரி."

"அது கிடக்கட்டும் சார்" என்றார் முருகானந்தம். குரலில் கோபம்கூட இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரியங்கா தோளில் பையோடு, கையில் சாவியோடு இறங்கி வந்தாள். நேரமாகிறது என்பதை அவள் எப்போதும் வங்காளத்தில்தான் சொல்வாள். "தேரி ஹொயே ஜாச்சே, பாபா! ஆரே, காக்கு, இவ்ளோ சீக்கிரமா?"

"வண்டி எடுக்காத, நில்லு" என்றார் முருகானந்தம். "ஏன்ப்பா?" என்று அவள் கேட்டாள். அவர் சீதாராமன் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா உங்களைப் பத்தி இவ நம்பமாட்டா" என்றார்.

சீதாராமன் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கவில்லை. மழை, முப்பத்தொரு வண்டி, போன், கடைசி வரி, பெல்ட்டில் வந்த சேறு, மைதானத்தில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

பிரியங்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து லாரி பிரேக் போட்டப்போ என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா" என்றார் சீதாராமன்.

அவள் சாவியை அப்பாவின் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கத் தெருவில் இறங்கி நடந்தாள்.